கலாக்காவும் திராட்சை வாசனையும்

கிருமிகளுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனுஷி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விட்டாரா என்று கேட்க வேண்டுமென்றால், "அது பூட்ச்சா?" என்பார். அதே வாயால், புண்ணிலிருந்து எடுத்த சீழில் ஏதாவது வளர்ந்திருந்தால், "அவரு வந்துகீறாரு டைப்பு. கொஞ்சம் கோவமா கீறாரு" என்பார்.

அவரை எல்லோரும் கலாக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருகிற நோயாளிகள், கலா என்ற பெயருள்ள அக்கா என்று நினைத்துக்கொண்டு, "கலாவதியா, கலாராணியா?" என்று விசாரிப்பார்கள். இரண்டும் இல்லை. முள் புதரில் கொத்துக் கொத்தாய்க் காய்த்து, கடித்தவுடன் ஒரு கண்ணை மூடவைக்குமே, புத்தகத்தில் களாக்காய் என்று எழுதுவார்களே, அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் கலாக்கா. அவருடைய வெள்ளைக் கோட்டின் வலது பையில் அது இருக்கும். இடது பையில் காகிதத்தில் மடித்த உப்பு. மதர் சுப்பீரியர் எதிரே வந்தாலும் "ஒண்ணு துன்றீங்களா மதர்?" என்று கை நீளும். பழுத்த காலத்தில் கோட்டின் வலது பக்கம் முழுக்க ஊதா. வருகைப் பதிவேட்டில் இருந்த நிஜப் பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் இங்கேயும் அது வேண்டாம்.

நான் சொல்வது தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நாற்பது கட்டில். இன்றைக்கு அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைகட்டி நிற்கிறது. அன்றைக்கு ஆட்டு மந்தை வரிசைகட்டி நிற்கும். ஆனாலும் பிரஸ் ஷாப், லேத் பட்டறை, கல் குவாரி என்று அங்கங்கே முளைத்துக்கொண்டுதான் இருந்தன. எங்களுக்கு வரும் கேஸில் பாதி பிரசவம், பாதி விரல். நான் தாம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன டைப்பிஸ்ட். லேபைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட கலாக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'டைப்பு'தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"ஓட்ட போடற மிஷின் கீதா?"

"எதுக்குக்கா? ஃபைலுக்கா?"

"ஓட்ட உனுக்கு. வட்டம் எனுக்கு."

உலகம் முழுக்க அந்த பஞ்சிங் மெஷினை ஓட்டைக்காக வாங்குகிறார்கள். ஓட்டையிலிருந்து கீழே விழுகிற வட்டத்துக்காக அதைக் கொண்டுபோன ஒரே ஆள் இவர். எதற்கென்று பின்னால் நானே லேபுக்குப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கண்ணாடித் தட்டில் கடல்பாசிக் கூழை ஊற்றி உறையவைப்பார். அதுதான் பிளேட். அதன்மேல் கிருமியைத் தடவி, மருந்தில் நனைத்த காகித வட்டங்களைப் பொட்டு வைப்பதுபோல அங்கங்கே வைப்பார். மறுநாள் பார்த்தால், மருந்துக்குப் பயந்த கிருமி வட்டத்தைச் சுற்றி இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். பயப்படாத கிருமி வட்டத்தின் விளிம்பு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டு உட்காரும். சென்னையிலிருந்து வரவேண்டிய ரெடிமேட் வட்டங்கள் வந்து சேர்வதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார் என்பதால் சொந்தத் தயாரிப்பு. என் மெஷின் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதுவரை ஆஸ்பத்திரியின் கடிதங்கள் எல்லாம் ஓட்டையில்லாமல் மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

பழைய பிளேட்டுகளில் இருக்கும் கிருமிகளைக் கொல்ல லேபில் ஒரு பெரிய பிரஷர் குக்கர் வைத்திருந்தார். அது விசிலடித்தால் ஆண்கள் வார்டு முழுவதும் கேட்கும். ஒருநாள் நாலாவது விசிலுக்கு, குவாரியில் கால் உடைந்த ஒருவர் ஊன்றுகோலும் சாப்பாட்டுத் தட்டுமாக வாசலில் வந்து நின்றார். கலாக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள வேகறது போன வாரம் உன் கால்ல இருந்து எடுத்ததுதான். வெக்கட்டா?" என்றார். அவர் ஊன்றுகோலை மறந்துவிட்டு நடந்தார்.

அப்புறம் அந்தக் காலனி விவகாரம். பெரிய டாக்டர் திருநெல்வேலிக்காரர். கைராசிக்காரர். எந்நேரமும் டை கட்டியிருப்பார். கட்டில் கட்டிலாகக் குனிந்து புண்ணைப் பார்க்கும்போது அந்த டையும் கூடவே குனிந்து பார்க்கும். கலாக்கா ஒருநாள் ரவுண்ட்ஸில், "டாக்டர், கொஞ்சம் அப்டியே நில்லுங்க" என்று சொல்லி, டையின் நுனியைப் பிடித்து ஒரு பிளேட்டில் அழுத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிருமி கூட்டமாக வளர்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் லேபில் காலனி என்று பெயர். மறுநாள் வராந்தாவில் நின்று உரக்கச் சொன்னார்:

"டாக்டருக்கு இருவத்தேயு காலனி கீது!"

டிரெஸ்ஸிங் ரூமில் வேலை செய்யும் அந்தோணி அதைக் கேட்டார். நல்ல மனுஷன். காதில் விழுந்ததை டீக்கடையில் அப்படியே ஒப்பித்தார். மறுநாள் காலை வேட்டி சட்டையோடு இரண்டு பேர் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்குப் பார்த்த மனை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, எனக்குப் பாளையங்கோட்டையில ஓட்டு வீடு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுவும் எங்கண்ணன் பேர்ல." அன்றோடு டை போயிற்று.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில்தான் ஏழுமலை வந்து படுத்தார்.

பிரஸ் ஷாப் தொழிலாளி. முப்பது வயதிருக்கும். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெஷினில் மாட்டி நசுங்கியிருந்தன. பெரிய டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து தைத்தார். "வெரலு நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழுமலையின் மனைவி கன்னியம்மா அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் கட்டிலடியில் நிம்மதியாகத் தூங்கினார். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது துணி நீலப்பச்சையாக இருந்தது. வார்டு முழுக்க இனிப்பாக ஒரு வாசனை.

"யாரு இங்கன திராட்சைப் பழம் வச்சிருக்கது?" என்று டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

கலாக்கா கட்டுத் துணியருகே மூக்கைக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார்.

"பயம் இல்ல டாக்டர்."

"நான் பயத்தப் பத்தி எங்கம்மா கேட்டேன்? பழத்தப் பத்தில்லா கேக்கேன்."

"அதான் சொல்றேன். பயம் இல்ல. அவரு."

எங்கள் பக்கத்து வாயில் பழமும் பயமும் ஒன்றுதான் என்பது டாக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தபோது பழம் போய் பயம் வந்துவிட்டது. திராட்சை மாதிரி மணக்கிற, பச்சையாகச் சாயம் விடுகிற, ஆஸ்பத்திரி என்றால் இன்னும் கொழுத்து வளர்கிற ஒரு கிருமி அது. அடுத்த வாரத்துக்குள் பக்கத்துக் கட்டிலுக்கும், அதற்கு அடுத்த கட்டிலுக்கும், பெண்கள் வார்டில் ஒரு சிசேரியன் தையலுக்கும் அதே வாசனை வந்துவிட்டது.

கலாக்கா எங்களிடம் இருந்த எல்லா மருந்துகளையும் வட்டம் போட்டுப் பார்த்தார். சென்னையிலிருந்து ஆளனுப்பி வாங்கிய புதுசையும் போட்டுப் பார்த்தார். பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வட்டங்களைச் சுற்றி ஒரு நூல் இடம்கூட விடாமல் பச்சை.

"எல்லாத்தையும் துன்னுட்டு, ஏப்பம் வுட்டுகினு உக்காந்துகீறாரு" என்றார். குரலில் கவலையைவிட ஆச்சரியம்தான் தூக்கலாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

டாக்டர் நீளமாக மூச்சுவிட்டார். "இன்னும் ஒரு வாரம் பாக்கேன். இப்படியே பரவிச்சுன்னா ரெண்டு வெரலையும் எடுக்கத்தான் செய்யணும். இல்லன்னா கையே போயிரும்."

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கலாக்கா என்னை வேலிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். வேலி நெடுக கலாக்காய்ப் புதர். ஆடிக் காற்றில் செம்மண் பறந்து காய்கள்மேல் படிந்திருந்தது.

"இத்தப் பாரு டைப்பு. காக்கா கொத்துது, எறும்பு ஏறுது, வெயில் காயுது, மய அடிக்குது. வூட்ல ஆட்டி வெச்ச மாவு ஒரு நாள்ல பொங்கி வயியுது. இது இத்தினி நாளா இங்க தொங்கினு கீது. ஏன் அயுவல?"

"காய்க்கா. காய் எப்படி அழுகும்?"

"பயமும் அயுவல. ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்த மாதிரி முகம். "மருந்துக்கு அடங்காத ஆளு, இதுக்கு அடங்குறாரா பாக்கலாமே" என்றார்.

அடுத்த நாள் முதல் எங்கள் மத்தியானச் சாப்பாடு போயிற்று. ஒரகடம் சாலையோரப் புதர்க்காடுகளில் கலாக்காய், நாவல், சூரைப்பழம், காரைப்பழம், மணத்தக்காளி, சுண்டைக்காய் என்று பழமும் இலையும் வேருமாகப் பறித்தோம். நாலே நாளில் என் புடவைகள் இரண்டு கிழிந்தன. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் போலீஸ். புதருக்குள்ளிருந்து வெள்ளைக் கோட்டும், பாட்டில்கள் நிறைந்த பையுமாக வெளியே வந்த இரண்டு பெண்களை ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தினார்.

"பையில இன்னா?"

"மருந்து சார்" என்றார் கலாக்கா.

"இன்னா மருந்து?"

"இன்னும் தெர்ல."

"தெர்லன்னா?"

"தெரிஞ்சா நான் ஏன் சார் முள்ளுல பூந்துகினு கீறேன்?"

நான் முந்திக்கொண்டு ஆஸ்பத்திரிப் பெயர், மதர் பெயர், என் அப்பா பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கான்ஸ்டபிள் சந்தேகம் தீராமல், "இத்தத் துன்னு காட்டு" என்றார். கலாக்கா உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, தானும் தின்று அவர் கையிலும் நாலு வைத்தார். அவரும் தின்றார். ஒரு கண் மூடிக்கொண்டது. மூடாத கண்ணால் எங்களைப் போகச் சொன்னார். கலாக்கா போகவில்லை. அவருடைய புறங்கையில் இருந்த சொறியைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு, "புதன்கெயமை வந்து ரிசல்ட் வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். புதன்கிழமை அவர் நிஜமாகவே வந்தார்.

பறித்ததையெல்லாம் கேன்டீன் மிக்ஸியில் அரைத்தோம். அன்றைய தேங்காய்ச் சட்னி ஊதாவாக வந்தது. மதர் ஜெபம் முடித்துக் கண் திறந்து தட்டைப் பார்த்தவர், இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டார். சாறுகளைத் துணியில் வடிகட்டி, சிலதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பதினாறு பாட்டில்களில் நிரப்பினோம். நான் லேபிள் அடித்து ஒட்டினேன். கலாக்கா பதினாறிலும் வட்டங்களை நனைத்து, உலர்த்தி, ஏழுமலையின் கிருமிமேல் வைத்து, கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியை மூடினார்.

மறுநாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக லேபுக்குப் போனேன். கலாக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் பரப்பு நடுவில் கலாக்காய் வட்டம். அதைச் சுற்றி, சாந்துப் பொட்டு அகலத்துக்குத் தெளிவான, சுத்தமான, வெறும் இடம்.

"அவரு ஒதுங்கி நிக்கறாரு" என்றார், ரகசியம் சொல்வதுபோல.

நான்தான் கத்தினேன். என் சத்தத்துக்கு அந்தோணி வந்தார். அந்தோணி வந்துவிட்டால் அப்புறம் டீக்கடை, பஸ் ஸ்டாப், ஒரகடம் கூட்டுரோடு எல்லாம் தெரிந்த மாதிரிதான். பெரிய டாக்டர் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமாம்மா இது!" என்று நாலு தரம் சொன்னார். செங்கல்பட்டில் டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் வாசிக்க எனக்கு இரண்டு பக்கம் டிக்டேட் செய்தார். மூன்று கார்பன் வைத்து அடித்தேன். கலாக்காவின் நிஜப் பெயர் அதில் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டு மணிக்கு ஆண்கள் வார்டிலிருந்து கலாக்காவின் குரல் கேட்டது. அவர் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை என்பதால் ஓடினேன்.

கன்னியம்மா ஒரு கூடை கலாக்காய் கொண்டுவந்திருந்தார். ஏழுமலையின் கட்டைப் பாதி பிரித்து, உள்ளங்கையில் பழத்தை நசுக்கி, சாற்றைப் புண்ணில் பிழியப் போகும் நேரத்தில் கலாக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வுடு! அது பிளேட்டு. இது மனுஷன். கண்டதப் புண்ணுல ஊத்தினா கை இன்னா ஆவும்?"

"நீதானம்மா கண்டுபுட்ச்ச! ஊரே சொல்லுது!"

"நான் பாத்தது ஒரு நாளு, ஒரு தட்டுல. இன்னும் எனுக்கே ஒண்ணும் புரில."

கன்னியம்மா கையை உதறிக்கொண்டார். கண்ணில் நீர் இல்லை. குரல்தான் உடைந்திருந்தது. "வெரலு போச்சின்னா கம்பெனில இவரு பேர எட்த்துருவாங்க. எனுக்கு ரெண்டு பசங்க. நீ தட்டுக்கு ஊத்துவ, என் ஊட்டுக்காரருக்கு ஊத்த மாட்டியா? அந்தத் தட்டு இன்னா புண்ணியம் செஞ்சிச்சி?"

எந்தக் கேள்விக்கும் இன்னொரு கேள்வி வைத்திருக்கிற மனுஷி, கூடையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனார். டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"அந்தப் பொம்பள சொல்லுததும் நியாயம்தானம்மா. நம்மகிட்ட வேற என்ன இருக்கு? தண்ணி கலந்து போட்டுத்தான் பாப்பமே."

"ரெண்டு நாளு குடுங்க டாக்டர். அவரு எதுக்கு ஒதுங்கினாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த இரண்டு நாளும் கலாக்கா காய் தின்ன உப்பு எடுக்கவில்லை. முதல் வேலையாக, கலாக்காய்ச் சாற்றில் சமையல் சோடா கலந்து அதன் புளிப்பை முறித்தார். சோடா கலந்தது ஒரு வட்டம், கலக்காதது ஒரு வட்டம், வெறும் ஸ்பிரிட் ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்று. இவற்றோடு, எப்போதும்போலக் கிருமி தடவாத ஒரு சுத்தமான பிளேட்டில் வெறும் தண்ணீரில் நனைத்த ஒரு வட்டம். எந்தச் சோதனை செய்தாலும் இப்படி ஒன்று வைப்பார். 'சும்மா பிளேட்டு' என்று பெயர். அதில் ஒன்றும் வளரக் கூடாது. அப்போதுதான் மற்றதெல்லாம் நிஜம். லேபில் காய்ச்சி வடித்த தண்ணீர் பதினாறு பாட்டிலுக்கே தீர்ந்துபோயிருந்தது. புதிதாக வடிக்க அப்போது கரண்டும் இல்லை. அதனால் அந்தோணி டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு ஜக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை, சோடா கலந்த கலாக்காய் வட்டத்தின் விளிம்பு வரைக்கும் பச்சை ஏறியிருந்தது. எலுமிச்சம்பழத்தைச் சுற்றிச் சாந்துப் பொட்டு அகலத்துக்கு வெறும் இடம்.

"புளிப்பு" என்றார் கலாக்கா. "வேல செஞ்சது வெறும் புளிப்பு. கலாக்கா சும்மா கூட வந்துகீது."

எனக்கு அழுகை வந்தது. "அக்கா, யாருக்கும் சொல்ல வேணாமே. கூட்டம் அடுத்த வாரம். நான் டைப் அடிச்சுட்டேன். உங்க பேரும் அதுல வந்திருக்கு."

"கிழிச்சிப் போடு."

"மூணு கார்பன்க்கா!"

"மூணையும் கிழி. நானு பொய் சொன்னா அவரு கேட்டுகினு இருப்பாருன்னு நெனிக்கிறியா? நாளிக்கி யாராவது இத்த நம்பிப் புண்ணுல ஊத்துவான். அப்போ சிரிப்பாரு."

சொல்லிக்கொண்டே கடைசி பிளேட்டை, அந்தச் சும்மா பிளேட்டை, எடுத்தார். மூடியைத் திறந்தார். எனக்கே வாசனை வந்தது. திராட்சை.

வெறும் தண்ணீரில் நனைத்த வட்டத்தைச் சுற்றி, யாரும் தடவாத கிருமி, பச்சைப்பசேலென்று வளர்ந்திருந்தது.

கலாக்கா ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று வராந்தாவில் கிடந்தது. டிரெஸ்ஸிங் ரூமில், எல்லாப் புண்களையும் கழுவத் தண்ணீர் பிடிக்கிற குழாய் வைத்த டிரம் ஒன்று உண்டு. அந்தோணி தினமும் காலையில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்து, அதில் ஊற்றி வைப்பார். கலாக்கா குழாயைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வாஷரை விரலால் நோண்டி எடுத்தார். வழவழவென்று, வெண்டைக்காய் உள்பக்கம் மாதிரி, பச்சையாக ஒரு படலம். ஏழுமலைக்கும், அடுத்த கட்டிலுக்கும், அந்தச் சிசேரியன் பெண்ணுக்கும் நாங்கள் தினமும் இதைத்தான் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தோம்.

அந்தோணி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "நான் தெனம் காச்சினேன்க்கா. மாதா மேல சத்தியமா ஒரு நாளு வுடல."

கலாக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நீ ஒயுங்காதான் காச்சின. டிரம்ம மூணு தபா கயுவின. குழாயக் கயட்டி கயுவணும்னு எவன் சொன்னான் உனுக்கு? நானே சொல்லல. அவரு அங்க குடித்தனம் வந்துகீறாரு, நம்ப ரெண்டு பேருக்கும் தெர்ல." பிறகு கோட்டுப் பையில் தேடி நாலு கலாக்காயை எடுத்து அவர் கையில் வைத்தார். வேறு எப்படி ஆறுதல் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

டாக்டரிடம் போய் ஒப்பித்தபோது நானும் கூட நின்றேன். பாராட்டு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மனுஷனிடம், முதலில் 'நம்ம ஆஸ்பத்திரித் தண்ணிதான் காரணம்', அடுத்து 'கலாக்காயில் ஒன்றும் இல்லை, வெறும் புளிப்பு' என்று இரண்டு இடிகளை ஒரே மூச்சில் இறக்கினார் கலாக்கா. டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன? புளிப்பா?"

"ஆமா டாக்டர். சோடா போட்டா பூடுது."

"ஏம்மா, புளிப்புன்னா எங்க வாத்தியார் அந்தக் காலத்துலயே போட்டிருக்காரே! பச்சைச் சீழ் வந்தா வினிகர் அமிலத்த நல்லா தண்ணி கலந்து, துணிய நனைச்சுக் கட்டச் சொல்லுவாரு. நாங்க பழைய காலத்து ஆளுன்னு சிரிப்போம். புது ஊசியெல்லாம் வந்ததும் அதச் சுத்தமா மறந்தே போனேன்."

கலாக்கா அந்த நிமிஷமே லேபுக்குப் போய் அதையும் வட்டம் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வாத்தியார் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புகிற ஆள் இல்லை. 'அவரு' ஒதுங்கி நிற்கிறார் என்று பிளேட்டில் தெரிந்த பிறகுதான், டாக்டர் கணக்காய்க் கலந்து கொடுத்த அந்தத் தண்ணீரில் நனைத்த துணி ஏழுமலையின் கையிலும், பிறகு மற்ற மூன்று பேரின் புண்ணிலும் ஏறியது. டிரம் தூக்கி எறியப்பட்டது. ஒவ்வொரு புண்ணுக்கும் தனித்தனிக் கெட்டிலில் தண்ணீர் காய்ந்தது. கலாக்கா தினமும் கட்டைப் பிரிக்கும்போது வந்து மோந்து பார்ப்பார். மூன்றாம் நாள், "கொறஞ்சிகினாரு" என்றார். வாரக் கடைசியில், "தெர்ல. பூட்டாரு போல கீது" என்றார். வார்டில் மறுபடியும் பினாயில் நாற்றம் மட்டும் அடித்தது. பினாயில் நாற்றம் அவ்வளவு சந்தோஷம் தரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஆள்காட்டி விரல் முழுசாக நின்றது. நடுவிரலில் மேல் கணு ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. கம்பெனியில் ஏழுமலையைப் பிரஸ்ஸிலிருந்து பாக்கிங்குக்கு மாற்றினார்கள். பேரை எடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்று கன்னியம்மா லேப் வாசலில் வந்து நின்று, "அன்னிக்கி கண்டபடி பேசிட்டேன்" என்றார். கலாக்கா, "நீ கேட்டதுல தப்பே இல்ல. நல்ல கேள்வி. எனுக்கு இன்னும் பதில் தெர்ல" என்றார்.

செங்கல்பட்டுக் கூட்டத்தில் டாக்டர் வேறு இரண்டு பக்கத்தை வாசித்தார். ஒரு குழாய் வாஷரைப் பற்றியது. தன் ஆஸ்பத்திரியின் தப்பைத் தானே எழுந்து நின்று சொல்கிற டாக்டரை அதுவரை அந்தக் கூட்டம் பார்த்ததில்லையாம். நாலைந்து பேர் பாதியிலேயே எழுந்து தங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யப் போய்விட்டார்கள் என்று வந்து சொன்னார். அதற்கும் மூன்று கார்பன் வைத்து அடித்தது நான்தான்.

கலாக்கா மட்டும் அந்தப் பதினாறு பாட்டிலை விடவில்லை. எல்லாவற்றையும் சோடா போட்டு மறுபடி பார்த்தார். பதினைந்து தோற்றன. கலாக்காய் இலையை ஊறவைத்த ஒரு பாட்டில் மட்டும், புளிப்பு முறிந்த பிறகும், மயிரிழை அகலத்துக்கு மங்கலாக ஒரு வளையம் காட்டியது. ஒரு நாள் காட்டும், மறுநாள் காட்டாது. மழை பெய்த பின் பறித்த இலையில் இருக்காது, வெயிலில் பறித்ததில் இருக்கும். அடுத்து வந்த ஒன்றரை வருஷமும் அவர் மத்தியானச் சாப்பாட்டை அந்த மங்கல் வளையம் சாப்பிட்டது. "இன்னாக்கா, கண்டுபுடிச்சீங்களா?" என்று நாங்கள் கேட்டால், "இல்ல. ஆனா நேத்திக்கி தெரியாதது இன்னிக்கி வேற மாதிரி தெரியாம கீது" என்பார். அந்த வாக்கியத்தை நான் பலரிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் புரிந்ததில்லை. எனக்கு மட்டும் புரியும்.

தொண்ணூற்று மூன்றில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டேன். கடைசி நாள் மதர் ஜெபமாலை கொடுத்தார், டாக்டர் பேனா கொடுத்தார், அந்தோணி டீக்கடையில் நாலு பேரைக் கூட்டி வந்து கை தட்டவைத்தார். கலாக்கா ஒன்றும் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். தாம்பரம் பஸ் தூரத்தில் தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடைக்காத. கண்ணுத் தண்ணியில கிருமிய அறுக்கற ஒரு சாமான் கீது. நானே போட்டுப் பாத்துகீறேன். அவரு கிட்ட நிக்க மாட்டாரு. வர்றத வுடு, கண்ணுக்கு நல்லது."

"யாரோட கண்ணீர்லக்கா போட்டுப் பாத்தீங்க?"

பஸ் வந்து நின்றது. என்னை ஏற்றிவிட்டு, சாலையைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படப்பை தாண்டி முடிச்சூர் வரும் வரைக்கும் என் கண்கள் மிக மிகச் சுத்தமாக இருந்தன.